சிற்பத்தின் நுண்வேலையைச் சாம்பல் நிற உயரப் படமாக எடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கதவு, பூஜை அறை, நகை அச்சு என்று சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்படி தானாகவே செதுக்கும் மெஷின்) வேலைகளுக்கு டிஜிட்டல் சிற்பம் செய்து கொடுப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பலகை மெஷின் மேல் ஏறிய பிறகு கேட்டால் நான் சொல்வது எதுவும் உதவாது. அதனால் முன்கூட்டியே எழுதி வைக்கிறேன்.

எல்லாக் கேள்விக்கும் ஒரே வேலையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்: தோட்டத்து வீட்டு வாசல் கதவுக்கு, 600 மி.மீ. நீளம், 300 மி.மீ. உயரம் உள்ள தேக்குப் பலகையில், 8 மி.மீ. புடைப்பில் ஒரு காங்கேயம் காளை.

ஹைட் மேப், அதாவது உயரப் படம், என்றால் என்ன? சாதாரணக் கருப்பு வெள்ளைப் படம்தானே?

பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் அதில் வெளிச்சமும் நிழலும் கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் "இந்த இடம் எவ்வளவு உயரம்" என்று மட்டும் சொல்கிறது. நம் காளைக்குக் கருப்பு என்றால் 0 மி.மீ., அதாவது பின்பலகை. வெள்ளை என்றால் 8 மி.மீ. சரிபாதிச் சாம்பல் என்றால் 4 மி.மீ. நல்ல ஹைட் மேப் பெரும்பாலும் மங்கலாக, மூடுபனிக்குள் காளை நிற்பது போல இருக்கும். பார்வைக்கு எடுப்பாக இல்லையே என்று கான்ட்ராஸ்ட்டை ஏற்றாதீர்கள். ஏற்றினால் மாறுவது உயரம்.

கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை இதுதான். சாம்பல் நிறத்தை மி.மீ. ஆகவே நினைத்துப் பழகிவிட்டால் பாதித் தவறுகள் உங்கள் கையாலேயே நின்றுவிடும்.

நல்ல போட்டோ இருக்கிறது. அதையே கிரேஸ்கேல் ஆக்கிக் கொடுத்தால் என்ன?

காங்கேயம் காளையை நேரில் பார்த்திருப்பீர்கள். உடம்பு சாம்பல் வெள்ளை. தலை, கழுத்து, திமில் எல்லாம் கருத்திருக்கும். அந்தப் போட்டோவைக் கிரேஸ்கேல் ஆக்கி மெஷினுக்குக் கொடுத்தால் கருத்த இடமெல்லாம் பள்ளமாகும். காளையின் உடம்பிலேயே எடுப்பாக நிற்க வேண்டிய திமில் குழியாக இறங்கிவிடும். சாமி படங்களிலும் இதே கதைதான்: விபூதி மேடாகும், கண்மணி ஓட்டையாகும். போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிற்பம் செய்யுங்கள். போட்டோவே சிற்பமாகாது.

8 பிட்டா, 16 பிட்டா? கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தானே தெரிகிறது?

திரையில் வித்தியாசம் தெரியாது. மரத்தில் தெரியும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு கெட்டுப்போன தேக்குப் பலகை.

இதே போன்ற ஒரு காளை. இரவில் ஃபைல் அனுப்பினேன், காலையில் பட்டறைக்குப் போனேன். கழுத்துத் தாடையின் மடிப்புகள், கொம்பு, கால் எல்லாம் நன்றாகவே வந்திருந்தன. அங்கிருந்த பெரிய ஆசாரி பலகையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். "தம்பி, காளை வயித்துல என்னங்க படிக்கட்டு கட்டி வெச்சிருக்கீங்க?" என்றார். விலாவிலிருந்து வயிறு வரை, நிலப்படத்தில் மலைக்குப் போடும் கோடுகள் மாதிரி, வளைந்து வளைந்து மெல்லிய படிகள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். படிகள் போவதற்குள் மடிப்புகளும் சேர்ந்து தேய்ந்துபோயின. பலகை போனது போனதுதான்.

காரணம் எளிய கணக்கு. 8 பிட் படத்தில் மொத்தம் 256 அளவுகள்தான். 8 மி.மீ. ஆழத்தை 255 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 0.031 மி.மீ. தலைமுடியை விட மெல்லியதுதானே என்று தோன்றும். ஆனால் வயிறு போன்ற இடம் மிக மெதுவாகச் சரிகிறது. 50 மி.மீ. தூரம் போனால் 1 மி.மீ. இறங்கும் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு 0.031 மி.மீ. இறங்க 1.5 மி.மீ.க்கு மேல் போக வேண்டும். அந்த 1.5 மி.மீ. முழுக்கச் சமதளம், அப்புறம் ஒரு சின்னக் குதிப்பு, மறுபடி சமதளம். பாலிஷ் போட்டதும் அந்த விளிம்புகளில் வெளிச்சம் பிடித்துக்கொள்ளும். மடிப்பு, முடி மாதிரி செங்குத்தான இடங்களில் படிகள் நெருங்கி நிற்பதால் தெரியாது. வழவழப்பான இடங்கள்தான் காட்டிக்கொடுக்கும்.

16 பிட்டில் 65,536 அளவுகள். அதே 8 மி.மீ.க்கு ஒரு படி 0.00012 மி.மீ. மரம் வெட்டும் எந்த மெஷினாலும் அதைக் காட்ட முடியாது. ஆகவே மர வேலைக்கு எப்போதும் 16 பிட்.

என்னிடம் 8 பிட் ஃபைல்தான் இருக்கிறது. 16-க்கு மாற்றிக்கொள்ளலாமா?

மாற்றினால் பெட்டி பெரிதாகும், உள்ளே அதே 256 படிகள்தான் இருக்கும். மாற்றிய பிறகு லேசாக பிளர் கொடுத்தால் படிகள் கரையும், கூடவே நுண்வேலையும் கரையும். மூலச் சிற்பம் கையில் இருந்தால் திரும்ப எடுப்பதுதான் வழி.

பிளெண்டரில் (இலவச 3டி மென்பொருள்) எப்படி எடுப்பது?

பல வழிகள் உண்டு. நான் செய்வதைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் சாம்பலுக்கும் மி.மீ.க்கும் உள்ள தொடர்பு கடைசி வரை நம் கையிலேயே இருக்கும்.

காளைப் பலகையை, முகப்பு வானத்தைப் பார்க்கும்படி படுக்க வையுங்கள். பின்பலகை இசட் அச்சில் சரியாக 0-இல் இருக்கட்டும். மிக உயர்ந்த இடம் 8 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. நேர் மேலே ஒரு கேமரா. அதை ஆர்த்தோகிராஃபிக் (தூரத்தால் அளவு மாறாத பார்வை) ஆக்குங்கள். பெர்ஸ்பெக்டிவ் கேமராவாக இருந்தால் ஓரத்தில் உள்ளவை சாய்ந்து, அளவு தப்பிவிடும். ஆர்த்தோகிராஃபிக் ஸ்கேலைப் பலகையின் நீளமான 600 மி.மீ.க்குச் சமமாக வையுங்கள்.

அப்புறம் சிற்பத்துக்கு ஒரு மெட்டீரியல். ஜியோமெட்ரி நோடின் பொசிஷனை எடுத்து, செபரேட் எக்ஸ்ஒய்இசட் வழியாக இசட்டை மட்டும் பிரித்து, மேப் ரேஞ்ச் நோடில் 0 முதல் 8 மி.மீ. வரை உள்ளதை 0 முதல் 1 ஆக மாற்றி, எமிஷனில் சொருகுங்கள். இப்போது ஒவ்வொரு இடமும் தன் உயரத்துக்கு ஏற்ற சாம்பலாக ஒளிரும். விளக்கு எதுவும் தேவையில்லை. பிஎன்ஜி, பிடபிள்யூ (கருப்பு வெள்ளை), 16 பிட் என்று தேர்ந்து ரெண்டர் செய்யுங்கள். டெப்த் பாஸ் என்று சொல்லும் இசட் பாஸிலும் எடுக்கலாம். ஆனால் அதில் ஓரங்கள் மென்மையாக்கப்படாமல் பல் பல்லாக வரும்.

இதில் கவனிக்க மூன்று உண்டு. முதலாவது, கலர் மேனேஜ்மென்ட்டில் வியூ டிரான்ஸ்ஃபார்ம். பிளெண்டர் 4.0 முதல் அது ஏஜிஎக்ஸ், அதற்கு முன் ஃபில்மிக் என்று தானாகவே இருக்கும். இரண்டும் படம் அழகாகத் தெரிவதற்காக வெளிச்சத்தை வளைப்பவை, உயரத்தையும் வளைத்துவிடும். ஸ்டாண்டர்டும் கூடாது: அதில் 4 மி.மீ.யைக் குறிக்கும் 0.5, எஸ்ஆர்ஜிபி வளைவில் ஏறி, 255-க்கு 128 ஆக வர வேண்டியது 188 ஆக வரும். மெஷின் அதை 5.9 மி.மீ. என்று வெட்டும். காளை ஊதிப் போய் நிற்கும். எண்களை வளைக்காமல் அப்படியே விடும் ரா (Raw) என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, சிற்ப நுணுக்கத்தை லெவல் லெவலாக வைத்திருக்கும் மல்டிரெஸ் மாடிஃபையரில் ரெண்டர் லெவல் உச்சத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சிற்பம் செய்யும்போது பார்க்கும் லெவலும் ரெண்டர் லெவலும் வேறு வேறு எண்கள். மூன்றாவது, டீநாய்ஸை அணைத்துவிடுங்கள். அது முடிக்கற்றையைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும்.

இன்னொன்று: ஷேட் ஸ்மூத் போட்டால் திரையில் வழவழப்பாகத் தெரியும். அது வெளிச்சத்தை மட்டும்தான் மாற்றுகிறது, வடிவத்தை மாற்றுவதில்லை. மாடலின் முகங்கள் (அதை உருவாக்கும் சின்னத் தட்டைத் துண்டுகள்) குறைவாக இருந்தால் மரத்தில் பட்டை பட்டையாகவே வெட்டும்.

ஸீபிரஷ்ஷில் (டிஜிட்டல் சிற்ப மென்பொருள்) எப்படி?

பெர்ஸ்பெக்டிவை அணைத்து, காளையை நேராகத் திருப்பி, டாக்குமென்ட் அளவைத் தேவையான பிக்சலுக்கு மாற்றி, ஆல்ஃபா பகுதியில் கிராப்டாக் அழுத்தினால் திரையில் உள்ள ஆழம் 16 பிட் ஆல்ஃபாவாக, அதாவது சாம்பல் படமாக, கிடைக்கும். சிற்பத்துக்குப் பின்னால் தட்டையான பலகை ஒன்று கட்டாயம் இருக்கட்டும். வெளியே வந்த படத்தில் பலகை முழுக் கருப்பாகவும் உச்சி முழு வெள்ளையாகவும் இருக்கிறதா என்று எண்ணைப் பார்த்துச் சரிபாருங்கள். இந்த வழியில் மி.மீ. கணக்கு படத்துக்குள் வராது. அதைத் தனியாக எழுதி வைத்தே ஆக வேண்டும்.

கேம், அனிமேஷன் வேலைக்குக் கேட்கிறார்கள். அதுவும் இதே படம்தானா?

வேலை ஒன்று, எடுக்கும் விதம் வேறு. கதவுக்கு மேலிருந்து ஒரே பார்வையில் எடுத்தோம். இங்கே காளை முழு உருவம். அதனால் அதன் தோலை உரித்து விரித்தது போல யூவி போட வேண்டும். அதிகப் பாலிகன் (முகங்கள்) உள்ள சிற்பத்துக்கும் குறைந்த பாலிகன் மாடலுக்கும் உள்ள வித்தியாசம் அந்த விரிப்பில் சாம்பலாகப் பதியும். இதை டிஸ்பிளேஸ்மென்ட் மேப் என்பார்கள்.

இங்கே பூஜ்யம் என்பது நடுச்சாம்பல். அதை விட வெளுத்தால் மேடு, கருத்தால் பள்ளம். ஸீபிரஷ்ஷில் மிட் என்ற இடத்தில் 0.5 வைத்தால், ரெண்டர் செய்யும் மென்பொருளிலும் அதே 0.5 இருக்க வேண்டும். ஒரு பக்கம் 0.5, மறுபக்கம் 0 என்று இருந்தால் காளை மொத்தமாக வீங்கும் அல்லது வற்றும். படத்தை ஏற்றும்போது கலர் ஸ்பேஸை நான்-கலர் (Non-Color) என்று மாற்ற மறக்காதீர்கள். ஸீபிரஷ்ஷின் யூவி மேல் கீழாக இருப்பதால் ஃபிளிப் வி போடுவதும் பழக்கமாகட்டும். முடிந்தால் 32 பிட் இஎக்ஸ்ஆர் (EXR) ஃபைலாக எடுங்கள். அதில் 0-க்குக் கீழும் 1-க்கு மேலும் எண்கள் நிற்கும், எதுவும் வெட்டுப்படாது.

என் சிற்பத்தில் தோல் மடிப்பு, முடி எல்லாம் அருமையாக இருந்தது. ஹைட் மேப்பில் காணோம். எங்கே போனது?

இதுதான் எனக்கு மிகப் பிடித்த கேள்வி. பலர் பிட்டையும் பிக்சலையும் குறை சொல்வார்கள். குற்றம் பெரும்பாலும் அமுக்கியதில் இருக்கிறது.

நீங்கள் செய்த காளை முழு உருவம். பலகையின் அளவுக்குக் கொண்டுவந்தால், பார்வைப் பக்கம் மட்டும் 40 மி.மீ. உயரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கதவில் நமக்குக் கிடைப்பது 8 மி.மீ.தான். அப்படியே இசட்டில் அமுக்கினால் எல்லாமே ஐந்தில் ஒரு பங்காகும். 40 மி.மீ. உடம்பு 8 மி.மீ. ஆனால் கண்ணுக்குப் பரவாயில்லை. புடைப்புச் சிற்பம் என்றால் அப்படித்தான். ஆனால் 0.5 மி.மீ. ஆழமாக இருந்த கழுத்து மடிப்பு 0.1 மி.மீ. ஆகிவிடுகிறது. தேக்கின் துளைகளும் ரேகையும் அதை விழுங்கிவிடும். வார்னிஷ் ஒரு கோட்டு போட்டால் மிச்சமும் போகும்.

அதனால் உடம்பை அமுக்கலாம், நுண்வேலையை அமுக்கக் கூடாது. இரண்டு வழி. ஒன்று, பெரிய வடிவத்தை மட்டும் முடித்ததும் அமுக்கிவிட்டு, அந்தத் தட்டைக் காளையின் மேல் மடிப்பு, முடி, மூக்கணாங்கயிறு எல்லாவற்றையும் செதுக்குவது. கல் சிற்பியும் இப்படித்தான் போகிறார்: புடைப்பின் ஆழத்தை முதலில் முடிவு செய்து, அதற்குள்தான் நுண்வேலை. திருமுருகன்பூண்டியில் ஒரு சிற்பக்கூடத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் நான் சொல்வது புரிந்துவிடும். சின்ன உளி கடைசியில்தான் கைக்கு வரும்.

இரண்டாவது வழி, வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டவர்களுக்கு. சிற்பத்தை இரண்டு முறை எடுங்கள்: நுண்வேலையோடு ஒன்று, நுண்வேலை இல்லாத கீழ் லெவலில் ஒன்று, இரண்டும் ஒரே கேமரா, ஒரே மேப் ரேஞ்ச். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் நுண்வேலை மட்டும் மிஞ்சும். உடம்புப் படத்தை ஐந்தில் ஒன்றாக்கி, நுண்வேலையை முழு அளவிலோ முக்கால் அளவிலோ அதன் மேல் கூட்டுங்கள். கழித்தலில் எதிர்மறை எண்கள் வரும் என்பதால் 32 பிட் இஎக்ஸ்ஆரில் செய்யுங்கள். படங்களைக் கூட்டிக் கழிக்கும் பிளெண்டர் கம்பாசிட்டரே போதும். 16 பிட்டாக்குவது கடைசி வேலை.

முடியை ஒவ்வொன்றாகச் செதுக்குவதில் பயனில்லை. காங்கேயம் காளையின் தோல் மொழுமொழுவென்று இருக்கும். வால் குஞ்சம், நெற்றிச் சுழி, கழுத்து மடிப்பு இந்த மூன்றையும் கொஞ்சம் மிகைப்படுத்திச் செய்தால் காளைக்கு உயிர் வந்துவிடும்.

எத்தனை பிக்சல் வைக்கலாம்?

பட்டறையில் கடைசி வெட்டுக்கு எந்த டூல் போடுவார்கள் என்று கேளுங்கள். முனை ஆரம் 0.5 மி.மீ. உள்ள டேப்பர் பால்நோஸ் (முனை உருண்டு, மேலே போகப் போக அகலும் டூல்) என்றால் முனையின் விட்டம் 1 மி.மீ. அதை விடக் குறுகிய பள்ளத்துக்குள் அது போகாது. பக்கத்துப் பக்கத்து ஓட்டங்களுக்கு இடையே 0.1 மி.மீ. வைப்பதானால் படத்திலும் 0.1 மி.மீ.க்கு ஒரு பிக்சல் தாராளம். நம் பலகைக்கு 6000-க்கு 3000. இரண்டு மடங்காக்கினாலும் மரத்தில் ஒன்றும் கூடாது.

நேரத்தையும் கணக்குப் போடுங்கள். 300 மி.மீ.யை 0.1 மி.மீ. இடைவெளியில் வெட்ட 3000 ஓட்டம், ஒவ்வொன்றும் 0.6 மீட்டர், மொத்தம் 1800 மீட்டர். நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் 10 மணி நேரம். இடைவெளி 0.15 ஆனால் 6 மணி 40 நிமிடம். வாடகை மணிக் கணக்கில் ஓடும்போது இது பெரிய வித்தியாசம். பல கதவுகளுக்கு 0.15 போதும் என்பது என் அனுபவம்.

கொம்பு பலகையை விட்டு விலகி நிற்க வேண்டும். வருமா?

வராது. ஓர் இடத்துக்கு ஓர் உயரம்தான் சாம்பலால் சொல்ல முடியும். கொம்புக்கு மேல் பக்கம் பதிவாகும். கொம்புக்குப் பின்னால் காற்றுப் போகும் இடைவெளி இருந்தது என்பதைச் சொல்ல அதற்கு வழியில்லை. கொம்பிலிருந்து பலகை வரை நேர்ச்சுவராக நிரம்பிவிடும். பேரூர் பட்டீசுவரர் கோயில் கனகசபைக்குப் போய் ஊர்த்துவ தாண்டவரையோ, யானையுரி போர்த்த மூர்த்தியையோ பாருங்கள். தூணை விட்டு வெளியே வந்து நிற்கும் கைகள், அவற்றுக்குப் பின்னே இருட்டு. அந்த இருட்டு ஹைட் மேப்பில் கிடைக்காது. அந்த மாதிரி வேலை வேண்டுமென்றால் கொம்பைத் தனியாக வெட்டி ஒட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் 3டி மாடலாகவே கொடுத்து, பலகையையோ டூலையோ திருப்பி வெட்டும் மெஷினில் செய்யுங்கள்.

அப்படியானால் எப்போதும் எஸ்டிஎல் (முக்கோணங்களால் ஆன 3டி மாடல் ஃபைல்) அனுப்பிவிட்டால் என்ன?

சின்ன வேலைக்கு அனுப்பலாம். ஆனால் 4096-க்கு 4096 ஹைட் மேப் 16 பிட்டில், சுருக்காமலே சுமார் 33 எம்பிதான். அதே நுணுக்கத்தை முக்கோணங்களாக்கினால் மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சம் முக்கோணம். பைனரி எஸ்டிஎல்லில் ஒரு முக்கோணத்துக்கு 50 பைட், மொத்தம் 1.6 ஜிபிக்கு மேல். பட்டறைக் கம்ப்யூட்டர் அதைத் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம்.

எந்த ஃபார்மேட்டில் அனுப்புவது?

16 பிட் பிஎன்ஜி அல்லது டிஃப். ஜேபெக் வேண்டவே வேண்டாம். 8 பிட் என்பது ஒரு பக்கம் இருக்க, அது படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் வழவழப்பான இடத்தில் கட்டம் கட்டமாகத் தழும்பு விழும். வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பினால் பிஎன்ஜியும் ஜேபெக் ஆகிவிடும், அளவும் குறையும். டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள்.

பட்டறை மென்பொருள் 16 பிட்டை உண்மையிலேயே படிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு கோடியில் கருப்பு, மறுகோடியில் வெள்ளை, நடுவே சீராக மாறும் 16 பிட் பட்டை ஒன்று செய்யுங்கள். 300 மி.மீ. நீளம், 1 மி.மீ. உயரம் என்று இறக்கி, பக்கவாட்டில் பெரிதாக்கிப் பாருங்கள். சறுக்குமரம் மாதிரி நேராக இருந்தால் சரி. 1.2 மி.மீ.க்கு ஒரு படி தெரிந்தால் அது உள்ளே 8 பிட்டாக்கிக்கொள்கிறது. அந்த மாதிரி இடத்துக்கு எஸ்டிஎல்தான் கொடுக்க வேண்டும்.

ஃபோட்டோஷாப்பில் திறந்து சின்னத் திருத்தம் செய்யலாமா?

செய்யலாம், மோட் 16 பிட்டிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. ஆர்ஜிபியிலிருந்து கிரேஸ்கேலுக்கு மாற்றும்போது டாட் கெய்ன் (அச்சில் மை பரவுவதற்கான ஈடு) புரொஃபைல் நுழைந்து எண்களை நகர்த்தக் கூடும். முன்னும் பின்னும் ஒரே இடத்தில் எண்ணை எடுத்துப் பாருங்கள். இலவசமாக வேண்டுமென்றால் கிரிட்டா, அல்லது 2.10 முதல் வந்த கிம்ப் 16 பிட்டில் வேலை செய்யும்.

கோவையில் காசுமாலை அச்சுக்கு லட்சுமி காசு கேட்கிறார்கள். இதே கணக்கா?

கணக்கு அதே, கவலைப்பட வேண்டிய இடம் வேறு. 20 மி.மீ. காசில் 0.6 மி.மீ. புடைப்பு. 8 பிட்டிலேயே ஒரு படி 0.0024 மி.மீ.தான். இருந்தாலும் 16 பிட்டே எடுங்கள், செலவில்லை. இங்கே முக்கியம் டூல் முனை. 0.1 மி.மீ. முனைக்கு 0.01 மி.மீ.க்கு ஒரு பிக்சல் வைத்து 2000-க்கு 2000 எடுக்கலாம். லட்சுமியின் கண், உதடு, தாமரை இதழ் ஓரம் இவற்றை முனையின் அகலத்துக்குக் கீழே செதுக்காதீர்கள்.

அச்சு என்பது காசின் மறுபக்கம். ஆகவே படத்தை இன்வெர்ட் (கருப்பு வெள்ளையாக, வெள்ளை கருப்பாக) செய்வதோடு, இடம் வலமாகத் திருப்பவும் வேண்டும். இன்வெர்ட் செய்துவிட்டுத் திருப்ப மறந்தால் லட்சுமியின் அபய கரம் இடது கையாகிவிடும். மெழுகில் வார்ப்பதற்கு என்றால் இரண்டும் வேண்டாம்.

ஃபைலோடு பட்டறைக்கு என்னென்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?

வெறும் படத்தைக் கொடுத்தால், வெள்ளை எத்தனை மி.மீ. என்று அவர்கள் ஊகிப்பார்கள். ஊகத்தில் 8 என்பது 12 ஆனால் காளை மாறிவிடும். ஃபைலின் பெயரிலேயே போட்டுவிடுவது இன்னும் நல்லது. படத்தையும் குறிப்பையும் பிரிக்க முடியாது. நான் அனுப்பும் குறிப்பு இப்படி இருக்கும்:

"அண்ணா, காளை பேனல். 600 x 300 மி.மீ., 6000 x 3000 பிக்சல், 16 பிட் பிஎன்ஜி. வெள்ளை 8 மி.மீ. மேலே, கருப்பு 0, அதுதான் பின்பலகை. இன்வெர்ட் வேண்டாம், ஸ்மூத் வேண்டாம். கடைசி டூல் 0.5 ஆரம். முதலில் திமில் பக்கம் 80 x 80 மட்டும் ஒரு வேஸ்ட் கட்டையில் வெட்டி போட்டோ அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன். அப்புறம் தேக்கு ஏத்திக்கலாம்ங்க."